காதில் அடித்த காற்று

சைக்கிளை வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் கார்முகிலின் காதுக்குள் காற்று நிற்கவில்லை. உஸ்ஸென்று இரைந்துகொண்டே இருந்தது. மகள் சண்முகப்ரியா ஓடி வந்து எதையோ சொன்னாள். "என்னம்மா?" என்றான். மறுபடி சொன்னாள். மறுபடியும் "என்னம்மா?" என்றான். அவள் உள்ளே போய் அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே அவள் இவனிடம் எதையும் மூன்றாம் தடவை சொல்வதில்லை.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிக்குத் தினமும் சைக்கிள்தான். அங்கே அரவை ஷெட்டில் வேலை. வழியெல்லாம் வெட்டவெளி. சைக்கிளில் வேகமாகப் போகும்போது மோதும் காற்றே காதைக் கெடுத்துவிடும் என்று ஏதோ ஒரு டாக்டர் பேசிய வீடியோவை மனைவி பூங்கோதை செல்போனில் காட்டினாள்.

"காத்துதாங்க காரணம். காத மூடிட்டுப் போங்க."

கார்முகிலுக்கு எதிரி யாரென்று தெரிந்துவிட்டது.

மறுநாள் இரண்டு காதிலும் பஞ்சு. காற்றோடு சேர்ந்து பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரனும் அடங்கிப்போனது. கண்டக்டர் படியில் தொங்கியபடி இவன் பரம்பரையையே திட்டுவது வாயசைவில் மட்டும் புரிந்தது. சாயங்காலம் ஒரு பஞ்சு உள்ளேயே தங்கிவிட்டது. பூங்கோதை ஹேர்பின்னால் எடுக்கப் போய் ரத்தம் வந்தது.

அடுத்து மஃப்ளர். சித்திரை வெயிலில் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தவனைப் போலீஸ்காரர் நிறுத்தி, அவிழ்த்துக் காட்டச் சொன்னார். வியர்வை இறங்கி, புண்பட்ட காதில் சீழ் பிடித்தது.

கடைசியில் மைத்துனனின் ஹெல்மெட். பைக்கு எங்கே, ரிப்பேரா என்று டீக்கடையில் கேட்டார்கள். அது பெரிய தலைக்கு வாங்கியது. பள்ளத்தில் இறங்கினால் கண்ணை மறைத்தது. கம்பெனிக்குத் திரும்பும் முனையில், களிமண் ஏற்றி வந்த டிராக்டரை அவன் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. வாய்க்காலில் கிடந்தவனைத் தூக்கியபோது கை முறிந்திருந்தது. ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தான். சைக்கிளும் இல்லை, காற்றும் இல்லை. காதுப் புண் ஆறியது. நாளாக நாளாக இரைச்சலும் தேய்ந்தது. ஒரு மத்தியானம், அடுப்படியில் மகள் கிசுகிசுப்பது கேட்டது.

"அப்பா தூங்கிடுச்சாம்மா?"

"இல்லம்மா, முழிச்சிட்டுதான் இருக்கேன்" என்றான் கட்டிலிலிருந்து.

ஓடி வந்தவள், இத்தனை நாள் சொல்லாமல் விட்ட பள்ளிக்கூடக் கதைகளையெல்லாம் அவன் மேல் சாய்ந்துகொண்டு கொட்டினாள். அடுப்படியில் பூங்கோதை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே சைக்கிளை விற்றுவிட்டான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டிய வண்டி. வாங்கியவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

கட்டுப் பிரித்ததும் பஸ்ஸில் வேலைக்குப் போனான். ஷெட்டில் மண்ணும் கல்லும் அரைக்கும் இரும்பு உருளைகள் தகரக் கூரை அதிரச் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்து உருளையருகே நின்ற கலியமூர்த்தியிடம் போனான். அவரிடம் இப்போதெல்லாம் யாரும் பேசுவதில்லை. கையைக் காட்டுவதோடு சரி.

"காது சரியாயிடுச்சுண்ணே. சைக்கிள வித்துட்டேன்" என்று அவர் காதில் வாயை வைத்துக் கத்தினான்.

அவருக்குக் கேட்கவில்லை. கார்முகில் ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் காட்டி, காதைத் தொட்டு, போய்விட்டது என்று கையை விரித்தான்.

கலியமூர்த்திக்குப் புரிந்துவிட்டது.

"நானும் மொதல்ல சைக்கிளத்தான் தம்பி வித்தேன்" என்றார்.