சுத்தமான கரண்டில் வேகாத சோறு

ஜெலுத்தோங்கில் ஒரு பேச்சு உலவுகிறது. புவனேஸ்வரன் வீட்டில் ஓடும் கரண்டு அவ்வளவு சுத்தமாம். அதில் சோறுகூட வேகாதாம். நம்பலாமா? விசாரித்துவிடுவோம். அதற்கு முன் இந்த இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். நூறு வோல்ட்டு ஆசாமி என்று பெயர்.

ஜப்பானில் யாரோ கழித்துக்கட்டிய பழைய ஆம்பிளிஃபையரை இணையத்தில் ஏலம் கேட்டு, கப்பலில் வரவழைத்து, குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் துடைத்து ஹாலில் வைத்த பிறகுதான், அது நூறு வோல்ட்டில் ஓடும் பிறவி, நம் ஊர்ச் சுவரிலிருந்து வருவதோ இருநூற்று நாற்பது என்பது இவருக்கு ஞாபகம் வரும். வருத்தப்படுவார் என்றா நினைக்கிறீர்கள்? இதற்காகத்தானே வாங்கினார்! உடனே, வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று அரிசி மூட்டை கனத்தில் வீட்டுக்குள் குடியேறும். பாட்டுக் கேட்பாரா? மாட்டார். பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று இரைகிறதா என்று கேட்பார். பாடுகிறவர் வாயைத் திறந்ததும் நிறுத்திவிட்டு, "கேட்டியா? கரண்டு அழுக்கா இருக்கு லா" என்பார்.

அந்த அழுக்கைப் போக்கத்தான் புவனேஸ்வரன் டிரான்ஸ்ஃபார்மரை அடுப்படிக்கு மாற்றினார். வீட்டிலேயே கனமான ஒயர் போட்ட பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது. அதுவரை அது சோற்றுக் குக்கரின் இடம். மனைவி பிரமிளா பொறுத்துக்கொண்டார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பொறுக்கிற நாளா? மகள் அதிரா விரும்பும் பையனின் அப்பாவும் அம்மாவும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து முதல்முறையாகச் சாப்பிட வருகிறார்கள். அந்தச் சாப்பாட்டில்தான் கல்யாணமே நிற்கிறது.

"என்னங்க, குக்கர் பிளக்கை இந்தப் பெட்டியில குத்தலாமா?"

ஆம்பிளிஃபையருக்குள் தலையை விட்டிருந்தவர் திரும்பவில்லை. "குத்து, குத்து. அதுலதான் கரண்டு சுத்தமா வரும்."

குத்தினார். குக்கரின் விளக்கும் மங்கலாக எரிந்தது. கேஸ் அடுப்பில் கறி கொதித்தது, பொரியல் ஆனது, விருந்தாளிகளும் வந்து உட்கார்ந்தார்கள். பிரமிளா குக்கரைத் திறந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் அரிசி நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, வேகவே இல்லையே!"

புவனேஸ்வரன் எட்டிப் பார்த்தார். "வேகாதுதான். வோல்ட்டு பாதிக்கும் கீழ. சூடு ஆறுல ஒரு பங்குதான் வரும். கணக்கு சரியா இருக்கு."

"கணக்கையே இலையில போடட்டுமா?"

பிரமிளா பின்வாசல் வழியாக அடுத்த வீட்டுக்கு ஓடினார். அந்த வீட்டு ஹாஜரா விஷயத்தைக் கேட்டுச் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரமானது. "எங்க சோத்தைப் பானையோட தூக்கிட்டுப் போங்கக்கா. நாங்க கடையில ரொட்டி சானாய் வாங்கிக்குறோம்."

பானையோடு திரும்பினால், ஹாலில் பையனின் அப்பா நல்லமுத்துவைக் காணோம். அவர் அடுப்படியில் குனிந்து, டிரான்ஸ்ஃபார்மர்மேல் காதை வைத்திருந்தார்.

"எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. ஆனா இப்படி உறுமாது. எர்த் கொடுத்திருக்கீங்களா, சம்பந்தி?"

"கொடுக்காம இருப்பேனா, சம்பந்தி!"

இன்னும் பேச்சே எடுக்காத கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது. பையனின் அம்மா பிரமிளாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆக, வதந்தி உண்மைதான். சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டிலும் 'யாரும் தொடக்கூடாது' என்று நீங்கள் சட்டம் போட்ட சாமான் ஒன்று இருக்குமே, அது உருப்படியாக எதற்குப் பயன்படுகிறது என்று வீட்டில் உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது வேறு யாரையாவது கேட்கச் சொல்வது இன்னும் நல்லது.

ஹாஜரா வீட்டுப் பானை இன்னும் திரும்பிப் போகவில்லை. வெறும் பானையாகக் கொடுப்பது மரியாதையில்லை. அதில் சோறு வடித்துக் கொடுக்க வேண்டியவர் புவனேஸ்வரன்தான் என்பது பிரமிளாவின் தீர்ப்பு. அவரும் தட்டவில்லை. சம்பந்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, குக்கரை நூறு வோல்ட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்.