தொண்டைச் சத்தம் திருட வந்தவன்

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் எருமைகளும் அல்லாஹ் கிருபையில் நலம். பிராயாவில் நீயும் அத்தானும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். இனி விஷயம்.

மத்தாராமிலிருந்து ஹம்டி என்று ஒருவன் ஒலிப்பதிவுக் கருவியோடு நம் ஊரில் வந்து இறங்கியிருக்கிறான். நம் சாசாக் பேச்சு ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று ஆராய்ச்சியாம். 'இப்படி, அப்படி' என்பதற்கு நாம் 'மெரியாக்-மெரிக்கு' என்கிறோம், உங்கள் பிராயாவில் 'மெனோ-மெனே' என்கிறார்கள். லொம்போக் தீவில் இது தெரியாத ஆடு மாடு உண்டா? எருமை திருட வந்தவன் என்றுதான் முதலில் நினைத்தேன். எருமையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதனாலேயே சந்தேகம் கூடியது. அப்புறம் பார்த்தால், ஊரில் இத்தனை கிழவர்கள் இருக்க, நம் பெண் முனாவின் வாயருகே மைக்கை நீட்டி, "'மெரியாக்' முடியற எடத்துல தொண்டை டக்குன்னு அடைக்குதே, இன்னொரு தடவை சொல்லு தங்கச்சி" என்கிறான்! "யாருக்குடா தங்கச்சி? என் தொண்டையும்தான் அடைக்கும், புடிச்சுக்க" என்று மைக்கைப் பிடுங்கிக் கத்தினேன். "உங்களுக்கு இருமல்தான் வருது மாமா" என்றான். திமிர்.

நம் கல்யாண வழக்கம் உனக்குத் தெரியாததா? பெண்ணுக்கு இஷ்டமிருந்தால் போதும், இரவோடிரவாகத் திருடிக்கொண்டு போய்ச் சொந்தக்காரர் வீட்டில் ஒளித்துவைத்துவிட்டு, ஊர்த்தலைவருக்குச் சொல்லியனுப்புவார்கள். இருக்கிற ஒரே பெண்ணை அந்த மத்தாராம்காரனிடம் பறிகொடுக்க நான் என்ன இளிச்சவாயனா? அதனால்தான் முனாவை உன் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். நல்லவேளையாக அத்தானின் தம்பி மகன் சாஹ்னான் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். தங்கமான பையன். பிராயாக்காரன்தான், ஆனால் நம் 'மெரியாக்' அவன் வாயில் இங்கேயே பிறந்தவன் மாதிரி வருகிறது. நம்மைப்போல் பேசுகிறவனை நம்பலாம். "பத்திரமாக் கூட்டிட்டுப் போறேன் மாமா" என்றான். பட்டப்பகலில் நானே மூட்டை கட்டிக் கொடுத்து, அவளைப் பின்னால் ஏற்றி உட்காரவைத்தேன்.

அத்தானுக்கு என் சலாம். உன் குடும்பத்தை அல்லாஹ் காப்பானாக.

உன் தம்பி,
அமாக் முனா (முனாவின் அப்பன்)

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. இப்போதுதான் ஊர்த்தலைவர் வந்து, "உம் மகளைத் திருடியாச்சுன்னு தகவல் வந்திருக்குய்யா, மாப்பிள்ளை சாஹ்னான்" என்றார். "அவனா! நம்ம பேச்சு அவ்வளவு அழகாப் பேசினானே!" என்றேன். "அதை அவனுக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு நெனைக்கிறே?" என்று சிரிக்கிறார். பகலில் திருடினால் அபராதம் உண்டே என்றேன். "நீயே ஏத்திவிட்டுட்டு யாருகிட்டய்யா அபராதம் கேக்கறது?" என்கிறார். ஒளித்துவைத்திருப்பது உன் வீட்டிலாமே. அக்கா, உனக்கு எத்தனை நாளாகத் தெரியும்? வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அவளுக்குக் காரம் ஆகாது, கீரையில் மிளகாயைக் குறைத்துப் போடு.