ஆடு தின்ற நோட்டுக்குப் பதில் மூன்று

சின்னக்கருப்பன் மரண சகாய நிதிக்குத் தரவேண்டிய கடன் நாற்பது வெள்ளி. அது காளிமுத்துவின் நோட்டில். பழனியப்பன் நோட்டில் முப்பத்தைந்து. நவமணி நோட்டில் முப்பது.

காளிமுத்து மூன்று நோட்டையும் பாயில் வரிசையாகப் பரப்பி, விரலை எழுத்து எழுத்தாக நகர்த்தி, மூன்றாவது தடவையும் படித்துப் பார்த்தார். ஒரு எண்ணும் மனம் மாறவில்லை.

நாற்பத்திரண்டு வயதில், தோட்டத்து முதியோர் வகுப்பில் எழுதக் கற்றவர் அவர். பகலெல்லாம் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டிய கை, பென்சிலையும் கத்தி மாதிரியே பிடிக்கும். ஆனாலும் நிதிக்குச் செயலாளர். கத்தி இல்லாமல் அவருக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான். சம்பளம் கிடையாது.

முன்பெல்லாம் ஒரே நோட்டு. அதைப் பழனியப்பனின் ஆடு தின்றுவிட்டது. மறுநாள் விசாரித்தால் தோட்டத்தில் ஒருவருக்கும் கடன் இல்லை. எல்லோரும் போன வாரம்தான் கட்டி முடித்தார்களாம். அதற்குப் பிறகுதான், ஒரே கணக்கை மூன்று நோட்டில் எழுதி மூன்று வீட்டில் வைப்பது என்று கூட்டத்தில் முடிவானது. யார் கையில் பணம் வந்தாலும் பழைய பாக்கியை ரப்பரால் அழித்துப் புதியதை எழுத வேண்டும். மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டும். மாதம் முதல் ஞாயிறு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்க வேண்டும்.

இந்த வருஷம் கொழுந்து அடங்காமல் துளிர்த்தது. ஆறு மாதமாக ஞாயிறும் வேலை. ஒத்துப்பார்க்க ஆளில்லை.

நாளைக்குத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி சிவசாமி கணக்குப் பார்க்க வருகிறார். ஒரு பெயர் உதைத்தாலும் நிதியை ஆபீசுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஆபீசுக்குப் போனால் அவ்வளவுதான். செத்தவனே நேரில் வந்து விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் சவப்பெட்டி வாங்கக் காசு வரும். காளிமுத்துவுக்குக் கத்தி மட்டும் மிஞ்சும்.

முதலில் நவமணியிடம் கேட்டார்.

"அக்கா, கருப்பன் கணக்கைச் சரியா எழுதினீங்களா?"

"ஏன்லா, என் நோட்டு மேலயே சந்தேகமா? மாசம் அஞ்சு வெள்ளி குடுத்தான், அழிச்சு எழுதினேன். உங்ககிட்டயும் சொன்னேன்லா. 'தெரியும்க்கா, எழுதியாச்சு'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா, எழுதினேன்."

"அப்ப உங்க ரப்பர்தான் சரியில்ல."

பழனியப்பனும் அதையேதான் சொன்னார். "மாசம் அஞ்சு வெள்ளி கட்டறான் கருப்பன். நல்ல பையன். நீ ஒரு மாசம் எழுத மறந்திருப்ப. வயசான காலத்துல படிச்ச படிப்புதானே!"

அது காளிமுத்துவுக்குச் சுருக்கென்று தைத்தது. நேராகக் கருப்பனிடமே போனார். அவன் வாசலில் கோழிக்கூண்டு பின்னிக்கொண்டிருந்தான்.

"கருப்பா, உன் பாக்கி எவ்வளவு?"

அவன் எழுந்து நின்றான். "நோட்டுல உள்ளதுதாண்ணே. எழுத்தை மீறி நான் என்ன சொல்லப்போறேன்? எல்லாத்தையும் கட்டிடுவேண்ணே. கொஞ்சம் கொஞ்சமா."

இதற்குமேல் அவனிடம் என்ன கேட்பது? காளிமுத்து வீட்டுக்குத் திரும்பி, வகுப்பில் கடைசியாகக் கற்ற கணக்கைப் போட்டார். மூன்றையும் கூட்டினார். நூற்றைந்து. மூன்றால் வகுத்தார். முப்பத்தைந்து! மூன்று நோட்டிலும் முப்பத்தைந்து என்று மையால் எழுதினார். இனி எந்த ரப்பரும் ஒன்றும் செய்ய முடியாது.

அரை மணி நேரத்தில் நவமணி வந்துவிட்டாள்.

"முப்பது வெள்ளிக் கடனை முப்பத்தஞ்சாக்கிட்டீங்களாமே? ஏழை வயித்துல அடிச்ச அஞ்சு வெள்ளி எந்தச் சாமிக்கு?"

அவளுக்குப் பின்னால் சுப்பன். மூன்று நோட்டிலும் அவன் கடன் தொண்ணூறு.

"செயலாளரே, கருப்பன் கடனை மூணால வகுத்தீங்களாம். எனக்கும் வகுங்க. முப்பது வருது, நானே பாத்துட்டேன்."

"கூட்டிட்டு வகுக்கணும்டா!"

"கூட்டறதை அப்புறம் பாத்துக்கலாம்லா. மொதல்ல வகுங்க."

இருட்டுவதற்குள் பதினோரு பேர் வகுக்கச் சொல்லி வரிசையில் நின்றார்கள். கடனே இல்லாத காளிமுத்துவின் மச்சான்கூட நின்றான். சும்மா நிற்கிறானாம்.

வேறு வழி தெரியாமல் காளிமுத்து மூன்று நோட்டையும் ஒரே டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகினார்.

"மூணையும் ஒரே பெட்டியிலயா?" என்றாள் நவமணி. "நல்லது. ஆட்டுக்கு மூணு வீடு அலையற வேலை மிச்சம்."

ஞாயிறு காலை பனி விலகுமுன்பே கோயில் முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. கிராணி மேசையில் மூன்று நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராகப் பார்த்துக்கொண்டு வந்தார். காளிமுத்துவின் காது மட்டும் அங்கே இருந்தது. கை இடுப்பில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தது.

"சின்னக்கருப்பன். முப்பத்தஞ்சு... முப்பத்தஞ்சு... முப்பத்தஞ்சு." கிராணி கண்ணாடியைக் கழற்றினார். "பரவால்லியே காளிமுத்து! ஆபீஸ் கணக்கே இப்படி ஒத்துப்போறதில்ல. நிதி உங்ககிட்டயே இருக்கட்டும்."

காளிமுத்து நோட்டை மூடக் கை நீட்டினார்.

கூட்டத்திலிருந்து சின்னக்கருப்பன் முன்னால் வந்தான். கூடவே அவன் மனைவி மணியம்மா. துணி முடிச்சை அவிழ்த்து முப்பத்தைந்து வெள்ளியை மேசையில் வைத்தான்.

"ரிங்லெட்டு சந்தையில கோழி வித்த காசுங்கய்யா. காளியண்ணன் நோட்டை மட்டும் இன்னிக்கு முடிச்சிடுங்க."

"மட்டும்னா?" என்றார் கிராணி.

"மத்த ரெண்டு நோட்டும் இருக்குங்களே. மூணு பேருக்கும் மாசம் அஞ்சஞ்சு வெள்ளி குடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். முடியாத மாசம் ஒருத்தருக்கு விட்டுப்போயிடும்."

கிராணி கண்ணாடியை மறுபடி மாட்டினார்.

"டேய், நீ வாங்கினது ஒரே அறுபது வெள்ளிடா!" என்றார் காளிமுத்து.

"ஆமாண்ணே. ஆனா மூணு நோட்டுல கைநாட்டு வாங்கினீங்களே. ஒரு கைநாட்டுக்கு ஒரு கடன்தானே? அறுபது வாங்கினா நூத்தியெம்பது. வட்டிக்கடையைவிட இது பரவால்லன்னு சம்சாரம்தான் சொல்லுச்சு."

காளிமுத்து விரல்விட்டு எண்ணினார். தன் நோட்டில் கட்டியது இருபது. பழனியப்பன் நோட்டில் இருபத்தைந்து. நவமணி நோட்டில் முப்பது. மொத்தம் எழுபத்தைந்து. நேற்று அவர் திருத்தும்வரை மூன்று நோட்டும் சரியாகத்தான் இருந்திருக்கின்றன.

பழனியப்பன் தலையைச் சொறிந்தார். நவமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை.

கிராணி கோழிக் காசை அப்படியே கருப்பன் பக்கம் தள்ளினார். "கடன் தீந்துபோச்சு. நிதிதான் இவனுக்குப் பதினஞ்சு வெள்ளி தரணும். எழுதுங்க."

காளிமுத்து முப்பத்தைந்தை அடித்தார். 'சின்னக்கருப்பனுக்கு நிதி தரவேண்டியது பதினைந்து வெள்ளி' என்று மூன்று நோட்டிலும் நிறுத்தி நிதானமாக எழுதினார். மூன்றையும் ஒத்துப்பார்த்தார். நிதிப் பணப்பெட்டியிலிருந்து மூன்று ஐந்து வெள்ளித் தாளை எடுத்து மணியம்மா கையில் கொடுத்தார்.

மணியம்மா அதை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகும் நகரவில்லை. மேசையில் விரிந்து கிடந்த மூன்று நோட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அண்ணே, மூணுலயும் எழுதியிருக்கீங்க. மிச்சம் முப்பது எப்பண்ணே தருவீங்க?"