பல்லுக்கு முன் பால்

பல்லைக் காட்டினால் கையைக் கேட்கிறாரே, இவர் என்ன வைத்தியர்? சுப்பம்மா கதிரையில் உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுக் கேட்கத் தாடை இடம் கொடுக்கவில்லை.

ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து கோப்பி மூட்டை ஏற்றிய வண்டியில் கண்டிக்கு வந்திருந்தாள். கடைவாய்ப் பல் அவளைச் சோறு தின்னவிட்டு நாளாகிவிட்டது. "பல்லோட திரும்பி வந்தீன்னா, பழம் பறிச்சு முடியிற வரைக்கும் இன்னொரு நாள் கேக்கப்படாது" என்று சொல்லித்தான் கங்காணி கறுப்பையா அனுப்பினார்.

"முதல்ல பால் வைக்கணும்" என்றார் பல் வைத்தியர் யாகப்பர்.

சுப்பம்மாவுக்கு மனம் இளகியது. முகத்தைப் பார்த்தே பசியைக் கண்டுபிடித்துவிட்டாரே!

"குடுங்கய்யா. சூடா இருந்தா பல்லு கூசும். ஆத்திக் குடுங்க."

"குடிக்கிற பால் இல்லம்மா, அம்மைப்பால். பெரியம்மை வராம இருக்கக் கையில கீறி வைக்கிறது. இனிமே பல்லுப் புடுங்குறவங்களும் வைக்கலாம்னு சர்க்கார் கச்சேரியில உத்தரவு."

"வச்சா பல்லப் புடுங்குவீங்களா?"

"பின்ன?"

கையை நீட்டினாள். பூக் கட்டுகிறவர்போல அவ்வளவு பதமாகக் கீறிப் பாலை வைத்தார். அந்தக் கையை யாரும் அப்படித் தொட்டதில்லை. அவளுக்குக் கூச்சமாக இருந்தது, பிடித்தும் இருந்தது.

"இப்பப் பல்லு, ஐயா."

"பால் காயட்டும்."

காய்ந்தது.

"வெயில் ஏறிருச்சே. ரத்தம் நிக்காது."

வெயில் தணிந்தது.

"மழை இருட்டுது. குளிருல பல்லு இறுகிக்கும். மழை விடுற வரைக்கும் இந்தக் கராம்பக் கடி."

கடித்தாள். வலி காதுக்கு ஏறியது. ஒத்தடம் கொடுத்தார். கன்னம் பணியாரம்போல் உப்பியது.

"வீக்கத்துல குறடு போடக்கூடாதும்மா."

பெரியவர்கள் தயங்கினால் குறை தன்னிடம்தான் என்று நினைத்துப் பழகியவள் சுப்பம்மா. யாருக்கும் இல்லாத பொல்லாத பல் தனக்கு மட்டும் முளைத்துவிட்டதோ?

வாசலில் வண்டிக்காரர் பெரியதம்பி கத்தினார். "ஏய் சுப்பம்மா! அரிசி ஏத்தியாச்சு. வர்றியா, இங்கயே குடியிருக்கப் போறியா?"

அரிசி என்றதும் அவளுக்கு அழுகை முட்டியது.

"ஐயா, செத்தாலும் உங்களக் குத்தம் சொல்லமாட்டேன். புடுங்குங்க."

யாகப்பர் வேறு வழியில்லாமல் குறட்டை எடுத்தார். அது அவர் கையில் தாளம் போட்டது.

"வாயத் திற."

திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அவர் மனைவி மார்கிரட் எட்டிப் பார்த்தாள்.

"மறுபடியும் குறடா? பல்லப் புடுங்கும்போதெல்லாம் மயங்கி விழுறீங்கன்னுதானே நான் கச்சேரிக்கு நடையா நடந்து, பால் வச்சே பொழைக்கட்டும்னு அந்த உத்தரவ வாங்கினேன்!"

சுப்பம்மா மெதுவாக வாயை மூடிக்கொண்டாள்.

"திறம்மா" என்றார் யாகப்பர்.

"வேணாங்கய்யா" என்றாள் வீங்கிய கன்னத்தோடு. "இப்ப வலிக்கல."