கால் மருந்து

“ரவை ஒண்டு குறையுது!” என்று கத்திக்கொண்டு அடுப்படிக்குள் வந்தார் சபாரத்தினம்.

“குறையாது. நான் அளந்துதான் போட்டனான்,” என்றாள் தவநாயகி, கேசரியைக் கிண்டியபடி.

“உந்த ரவை இல்லையப்பா. துவக்கு ரவை! அறுபது இருக்கோணும். அம்பத்தொன்பதுதான் கிடக்கு.”

“அதுக்கேன் பதறுறியள்? உங்கட ரவையாலை இண்டுவரைக்கும் ஒரு உயிருக்கும் ஆபத்தில்லை. எங்கையாவது சிவனே எண்டு கிடக்கும்.”

சபாரத்தினம் லண்டன் வால்தம்ஸ்டோவில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். முப்பது வருடமாக ஊர்ச் சனத்தின் கண்ணைச் சோதித்து வருகிறார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரர், புதுக் கண்ணாடி வாய்த்த சந்தோஷத்தில், அவரைச் சஃபோக் பக்கம் மான் வேட்டைக்குக் கூட்டிப் போனார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. லைசன்ஸ் எடுத்தார், சுவரில் இரும்புப் பெட்டகம் பூட்டினார், துவக்கும் வாங்கினார்.

வாங்கியதுதான் வாங்கினார், எல்லோரும் வைத்திருக்கிற அளவில் வாங்கியிருக்கலாம். அவருடைய துவக்கின் வாய் சரியாகக் கால் அங்குலம். அந்த அளவை இந்த நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்கு ரவையும் கடையில் லேசில் அகப்படாது. அதனால் தோட்டத்துக் கொட்டிலில் தானே செய்துகொள்வார். வெடித்த பித்தளைக் கோதுகளை மெஷினில் போட்டு மினுக்கி, வெடிமருந்தை நிறுத்து உள்ளே விட்டு, மேலே சன்னம் என்கிற ஈயக் குண்டை வைத்து அழுத்தி எடுப்பார். அவர் ஒரு ரவை செய்கிற நேரத்துக்குள் தவநாயகி முப்பது மோதகம் பிடித்து அவித்தும் விடுவாள்.

மான்? அது இன்னும் விழவில்லை. சில மான்கள் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

“விளையாட்டில்லையப்பா. பதினொரு மணிக்குப் பொலிஸிலையிருந்து வருகினம். ஒரு ரவை துலைஞ்சுது எண்டு தெரிஞ்சால் துவக்கைப் பறிச்சுக்கொண்டு போயிடுவினம். பிறகு ஒரு நாளும் தரமாட்டினம்.”

“பொலிஸ் ஏன் வருகுது?”

“ஆரோ பெட்டிசம் எழுதியிருக்கினம். எனக்குப் பக்கத்து வீட்டுக் கனகவல்லியக்காவிலைதான் சந்தேகம். கோது மினுக்கிற மெஷின் சத்தம் போடுது எண்டு போன மாசம் முறைச்சவ.”

“கடிதத்திலை அப்பிடியே கிடக்கு?”

சபாரத்தினம் சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து விரித்தார். “கேளும். ‘ரி. சபாரத்தினம் அவர்களுக்கு, சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வருகிறேன். துவக்குப் பெட்டகத்தைப் பார்க்க வேண்டும். உங்களோடு கொஞ்சம் தனியாகவும் கதைக்க வேண்டும்.’ தனியாக் கதைக்கோணுமாம்! விளங்குதே?”

“வடிவா வாசிச்சனீங்களோ? போன மாசமும் என்ரை கண் கிளினிக் கடிதத்தோடை நீங்கள் போய், ரெண்டு கண்ணுக்கும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வந்தனீங்கள்.”

“அது அவையின்ரை பிழை.”

“இஞ்சருங்கோ, உந்தக் கடிதத்தைப் பற்றி நான் ஒண்டு சொல்லோணும்...”

“பிறகு சொல்லும்! இப்ப எனக்கு ஒரு ரவை வேணும்.”

அவர் கொட்டிலுக்கு ஓடினார். தேடி நேரத்தை வீணாக்குவதை விடப் புதிதாக ஒன்று செய்துவிடுவது சுகம் என்று அவருக்குப் பட்டது. அவசர அவசரமாக நிறுத்து, விட்டு, அழுத்தி, துடைத்து, பெட்டியில் வைத்தார். அறுபது. மணி பத்து. அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தார்.

கதவடியில் தவநாயகி வந்து நின்றாள். ஒரு கையில் அவருடைய வேட்டை ஜக்கெற். மற்றக் கையில் பளபளவென்று ஒன்று.

“இது உங்கடையோ? பொக்கற்றிலை ஓட்டை. அதாலை உள்ளுக்கை விழுந்து கிடந்தது.”

சபாரத்தினம் அதைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

“ஐயோ, ஏன் கண்டுபிடிச்சனீர்?”

“துலைஞ்சது கிடைச்சால் சந்தோஷப்படுற மனிசரைத்தான் நான் பாத்திருக்கிறன்.”

“இப்ப அறுபத்தொண்டாப் போச்சு! லைசன்ஸிலை அறுபதுதான் வைச்சிருக்கலாம். குறைஞ்சால் கவலையீனம், கூடினால் குற்றமப்பா!”

“அப்ப ஒண்டை உடையுங்கோவன்.”

அதற்கென்று ஒரு பிளாஸ்ரிக் சுத்தியல் இருந்தது. அதன் தலைக்குள் ரவையை வைத்து நிலத்தில் ஓங்கி அடித்தால் சன்னம் கழன்று மருந்தும் கொட்டுண்ணும். சபாரத்தினம் அடித்தார். டொக். ஒன்றும் நடக்கவில்லை. டொக். டொக்.

“சரிச்சுப் பிடிக்காதேங்கோ. நேரா அடியுங்கோ,” என்றாள் தவநாயகி, திரும்பி நடந்தபடியே.

“உமக்கெப்பிடித் தெரியும்?”

“மூண்டு வருஷமாப் பாக்கிறன்தானே.”

நேராக அடித்தார். கழன்றது. கொட்டிய மருந்தை ஒரு குட்டிப் போத்தலில் சேர்த்தார். கொட்டிலில் இருப்பது எல்லாவற்றுக்கும் பேர் எழுதி ஒட்டவேண்டும் என்பது தவநாயகியின் கட்டளை. தன் துவக்குக்கு ‘கால்’ என்றுதான் அவர் செல்லப் பேர் வைத்திருந்தார். அதனால் போத்தலில் வடிவான எழுத்தில் ‘கால் மருந்து’ என்று எழுதி ஒட்டினார். ரவைகளைக் கொண்டுபோய்ப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டும் அவசரத்தில் போத்தலை அடுப்படி மேசையில் வைத்துவிட்டு மேலே ஓடினார்.

அந்த நேரம் பார்த்துக் கனகவல்லியக்கா வந்தார். எழுபது வயது. இரண்டு முழங்காலும் நோ. அந்த நோவைப் பற்றிக் கேட்கிற எவரும் அரை மணித்தியாலத்துக்குள் எழும்ப ஏலாது.

“என்ன பிள்ளை, காலமையிலை டொக்குடொக்கெண்டு? தேங்காய் உடைக்கிறியளோ?”

“அவர் வேலை செய்யிறார், அக்கா. இருங்கோ, கேசரி தாறன்.”

“தோளிலை என்ன, கன்றிப்போய்க் கிடக்கு?”

தவநாயகி சேலைத் தலைப்பை இழுத்து மூடினாள். “செவ்வாய்க்கிழமை பஜனையிலை ஹார்மோனியப் பெட்டி தூக்கினனான். இருங்கோ அக்கா, மேலை போய்ச் சீலை மாத்திக்கொண்டு வாறன்.”

பத்து நிமிடம் கழித்துச் சபாரத்தினம் இறங்கி வந்தபோது அடுப்படியில் அக்காவும் இல்லை, போத்தலும் இல்லை.

“தவம்! மேசையிலை இருந்த மருந்துப் போத்தல் எங்கை?”

மேலேயிருந்து குரல் வந்தது. “அக்கா கீழை நிண்டு, ‘நல்லதோ பிள்ளை, கொஞ்சம் கொண்டு போகட்டோ’ எண்டு கேட்டா. கேசரியைத்தான் கேக்கிறா எண்டு நினைச்சு, ‘ஓமோம், எங்கட வீட்டிலை செய்தது, முழுக்கக் கொண்டு போங்கோ’ எண்டனான்.”

சபாரத்தினம் செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்குப் பறந்தார். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே கனகவல்லியக்கா அடுப்படியில் நின்றார். கையில் ஒரு சின்னத் தாச்சி. தாச்சிக்குள் நல்லெண்ணெய். எண்ணெய்க்குள் கறுப்பாக மிதந்தது சபாரத்தினத்தின் மருந்து. மற்றக் கை அடுப்புத் திருகில்.

“அக்கா! அடுப்பை நூருங்கோ!”

“இன்னும் மூட்டவே இல்லை, தம்பி. ஏன், சூடாக்காமலே பூசோணும்?”

“பூசவே கூடாது! அது கால் மருந்து!”

“அதுதானே எழுதிக் கிடக்கு. என்ன, அரைக்கும் முழங்கைக்கும் வேறை மருந்தோ?”

“அக்கா, கால் எண்டால் உந்தக் கால் இல்லை. கால் அங்குலம்!”

“எனக்குக் கால் முழுக்கவும் நோகுது. கால் அங்குலத்துக்குப் பூசி என்ன செய்யிறது? வலது முழங்காலுக்குக் கொஞ்சம் பூசிப் பாத்தனான். சொன்னால் நம்பமாட்டியள், சும்மா சுள்ளெண்டு பிடிக்குது.”

“கழுவுங்கோ அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்!”

“நான் கழுவமாட்டன். மூண்டு வருஷத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் இந்தக் கால் மடங்குது.”

சபாரத்தினம் தாச்சியைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடினார். “தந்த மருந்தைப் பறிக்கிறியளோ? உங்கட எரிச்சலும் பொச்சரிப்பும் எனக்கு விளங்கேல்லை எண்டு நினையாதேங்கோ!” என்று கனகவல்லியக்கா பின்னால் துரத்தினார். அவர் ஓடி மூன்று வருடம். தெருவில் நின்ற பூனையே அதிசயமாகப் பார்த்தது.

சபாரத்தினத்தின் வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கோப்போடு நின்றாள். கழுத்தில் பொலிஸ் அட்டை தொங்கியது.

“மிஸ்டர் சபாரத்தினம்?”

சபாரத்தினம் தாச்சியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எண்ணெய் அவர் கட்டியிருந்த சாரத்தில் வழிந்தது.

“வெரி குட் மெடிசின்!” என்று கனகவல்லியக்கா கறுத்த முழங்காலைத் தூக்கிக் காட்டினார். “ஹோம் மேட்! ஹீ மேக்கிங்!”

அந்தப் பெண் முழங்காலைப் பார்த்தாள், தாச்சியைப் பார்த்தாள், வெறுங்காலோடு நின்ற மனிதரையும் பார்த்தாள். “உள்ளே போய்க் கதைப்போமா?” என்று தன் பாஷையில் மரியாதையாகக் கேட்டாள்.

வரவேற்பறையில் கேசரித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் சபாரத்தினத்தின் நெஞ்சு தாங்கவில்லை. அவள் வாய் திறக்க முதலே தெரிந்த ஆங்கிலம் எல்லாவற்றையும் கொட்டினார். ஒரு ரவை குறைந்தது, ஒன்று செய்தது, துலைந்தது கிடைத்தது, அறுபத்தொன்றானது, ஒன்றை உடைத்தது, மருந்துக்குப் பேர் எழுதி ஒட்டியது, அது பக்கத்து வீட்டு முழங்காலுக்குப் போனது. மூச்சு முட்ட முட்டச் சொன்னார். அவள் பேனா ஓடும் என்று பார்த்தார். அது அசையவில்லை.

“நான் துவக்கு வைச்சிருக்கத் தகுதியில்லாதவன்,” என்று பெட்டகத்துச் சாவியைக் கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். “மூண்டு வருஷத்திலை ஒரு மானும் விழேல்லை. அதையும் எழுதுங்கோ. கொண்டு போங்கோ துவக்கை.”

படியில் காலடி கேட்டது. தவநாயகி கோயிலுக்குக் கட்டுகிற பட்டுச் சேலையில் இறங்கி வந்தாள். “இஞ்சருங்கோ, காலமை தொடக்கம் நான் சொல்ல வந்தது...”

“வேண்டாமப்பா. எல்லாத்தையும் நானே சொல்லிப்போட்டன். இனி இந்த வீட்டுக்கு மான் வராது.”

“வரும், வரும்,” என்றாள் தவநாயகி மெதுவாக.

கனகவல்லியக்கா கேசரியில் கை வைத்தபடி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பெண் சாவியை எடுத்துச் சபாரத்தினத்தின் உள்ளங்கையில் திரும்ப வைத்துவிட்டு, கோப்பைத் திறந்து, தவநாயகியைப் பார்த்துச் சிரித்தபடி எழுந்து நின்றாள்.

“உங்கள் லைசன்ஸுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, மிஸ்டர் சபாரத்தினம், நான் புதிதாக விண்ணப்பித்திருக்கும் மற்ற ரி. சபாரத்தினத்தைப் பார்க்க வந்தேன். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் துவக்குக் கிளப்பில் ஐந்து சன்னத்தையும் ஒரே ஓட்டைக்குள்ளால் அனுப்புகிற தவநாயகி நீங்கள்தானே?”