நீல ஃபைலைத் திறப்பதற்கு முன்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

இரண்டாவது மாடித் தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, பாப்பா மூவரும் சுகம். அங்கே வெளியூரில் தாங்களும், தங்களிடம் ஐந்து வாரப் பயிற்சிக்கு வந்து மாட்டிக்கொண்ட ஆசிரியர்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் தாங்கள் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. உட்கார்ந்து படிக்கவும். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் நல்லது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் "அக்கா, அது வந்து" என்று ஆரம்பிப்பதற்குள் தாங்கள் "வந்து போயின்னு இழுக்காம நேரா சொல்லுடா" என்பீர்கள், எனக்கு நேராகச் சொல்ல வராது, "சாப்பிட்டியாக்கா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இந்த நாலு வாரத்தில் ஒன்பது முறை அப்படி வைத்திருக்கிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, அந்தத் தைரியம்தான். நாற்பத்தொரு வயது ஆகிறது, இருபது மாடி லிஃப்டைத் தனியாளாகக் கழற்றி மாட்டுகிறவன், அக்காவுக்குக் கடிதம் என்றதும் ஸ்கேலைத் தேடியெடுத்து மார்ஜின் போட்ட பிறகுதான் பேனா ஓடியது, பாருங்கள். 'தாங்கள்' இதற்கு மேல் வராது அக்கா, கை சுளுக்குகிறது. இனி நீ என்றே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். பாப்பாவை உன் பள்ளியிலிருந்து எடுத்து வேறு பள்ளியில் சேர்த்துவிட்டோம். அப்பாடா, எழுதிவிட்டேன். தண்ணீரைக் குடி. நீ துணைத் தலைமை ஆசிரியையாக இருக்கும் பள்ளி, இடம் கிடைக்காதா என்று ஊரே வரிசையில் நிற்கும் பள்ளி, யாரிடமும் ஒரு உதவி கேட்காத நீ எங்களுக்காகப் போய்க் கேட்டு வாங்கிய இடம், அதை விட்டுவிட்டோம். அவளுடைய டி.சி. உன் கையெழுத்துக்காக உன் மேசையில் நீல ஃபைலில் இருக்கிறது. உனக்குப் பதிலாக இருக்கும் டீச்சரிடம் கெஞ்சிப் பார்த்தேன். "நான் போட்டேன்னா அவங்க வந்து எனக்கே டி.சி. கொடுத்துடுவாங்க சார்" என்று பேனாவை மூடிவிட்டார். புதுப் பள்ளியில் டி.சி. இல்லாமல் நீ ஊர் திரும்பும் வாரத்து வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் உட்கார வைப்பார்களாம். அதற்குள் நீ கையெழுத்துப் போடாவிட்டால் பாப்பா மறுபடியும் பழைய பெஞ்சுக்கே வர வேண்டியதுதான். அதனால் திங்கட்கிழமை காலை அந்த ஃபைலைத் திறப்பதற்கு முன் நடந்ததை ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிடு.

பாப்பா எப்படிப் பேசுவாள் என்று உனக்குத் தெரியாததா? லிஃப்ட் மேல போனா கீழ் வீடெல்லாம் எங்கப்பா போகும், ஏறி ஏறி இறங்கினா லிஃப்டுக்குத் தலை சுத்தாதா, ராத்திரி அது எந்த மாடியில தூங்கும் என்று என் உயிரை எடுப்பாள். நாலாவது மாடிக்கு ஓடிவந்து உன் கண்ணாடியை எடுத்துச் செருப்புக்குள் ஒளித்து வைத்துவிட்டு, "அத்தை, இப்ப நான் எத்தனை பேரா தெரியறேன்?" என்று எதிரே நின்று கேட்பாள். பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் வகுப்பு டீச்சர் டைரியில் 'அதிகம் பேசுகிறாள்' என்று எழுதினார். மூன்றாவது மாதம் 'நல்ல முன்னேற்றம். பேசுவதே இல்லை' என்று எழுதி ஒரு நட்சத்திரமும் ஒட்டினார். நாங்கள் இரண்டு மடையர்களும் அந்த நட்சத்திரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். அப்புறம்தான் வீட்டிலும் அவள் சோபாவில் கை கட்டிக்கொண்டு, வாயில் விரல் வைத்து உட்கார ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தேன், இரண்டு பேரும் கவனிக்கவில்லை. கடைசியில் தரை நனைந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தோம். "பாத்ரூம் போகணும்னு வாயைத் தொறந்து சொல்லக் கூடாதாடி செல்லம்?" என்று இவள் கேட்டதற்கு, "கை தூக்கினேனேம்மா, நீங்க பாக்கலை" என்றது குழந்தை. எங்கள் வீட்டில், எங்களிடம், அனுமதி கேட்டு நின்றிருக்கிறாள் அக்கா.

அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று கூப்பிட்டார்கள். மூன்று மாடி, சக்கர நாற்காலியில் வரும் ஒரு குழந்தைக்காக வைத்த சின்ன லிஃப்ட். நான் லிஃப்டுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் இறங்கி டார்ச் அடித்துக்கொண்டிருந்தால், தலைக்கு மேலே வட்டமாகப் பதினாலு முகம். "அங்கிள், அந்தக் கயிறு அறுந்தா?" "அங்கிள், அங்க எலி இருக்கா?" "நீங்க அங்கேயேதான் குடியிருக்கீங்களா?" டீச்சர் வந்து விரட்டிவிடுவார், நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று காத்திருந்தேன். டீச்சரும் வந்தார். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "ஆமா, அறுந்தா என்ன ஆகும்?" என்று அவரும் கேட்டார். ஒரு மணி நேர வேலை மூணு மணி நேரம் ஆனது. வெளியே வந்து, கையில் கிரீஸோடு, அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கேட்டு வாங்கிவிட்டேன். அதில் என் கட்டைவிரல் ரேகை இன்னும் இருக்கிறது.

இதை இவளிடம் சொல்லவில்லை. ஏன் என்றால் பயம். அண்ணி வாங்கிக் கொடுத்த இடம் என்று இவள் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள், அதை விடலாம் என்றால் விளக்குமாறு வருமோ என்று நினைத்து, விண்ணப்பத்தை ஸ்பானர் பெட்டியின் அடித்தட்டில் ஒளித்து வைத்து நிரப்பிக் கொடுத்துவிட்டேன். இவள் என்ன செய்தாள் தெரியுமா? இவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்கு அதே பள்ளி டீச்சர் ஒருவர் வந்திருக்கிறார். ரசீது எழுதும் சாக்கில் அவரிடம் பள்ளியைப் பற்றிக் கேட்டிருக்கிறாள், அந்தம்மா மரத்துப்போன வாயோடு அரை மணி நேரம் பதில் சொல்லியிருக்கிறார். இவளும் ஒரு விண்ணப்பம் வாங்கி, நிரப்பி, கொடுத்தும் விட்டாள். என்னிடம் மூச்சு விடவில்லை. "அக்காவுக்கு முன்னாடி வாயைத் தொறக்காதவரு, இதுக்கு எங்க ஒத்துக்கப் போறாரு" என்று நினைத்தாளாம். எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக்கூட ஒளிக்க முடியாது, இது மட்டும் எப்படி நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீ ரயில் ஏறிய அடுத்த புதன்கிழமை பத்தரை மணிக்குப் புதுப் பள்ளியில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். நான் உன் பள்ளிக்குப் போய், காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துப் பாப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். பொய்தான், மன்னித்துவிடு. அங்கே குமாஸ்தா என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், எனக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தார். "இன்னொரு பொண்ணு எங்க சார்?" என்றார். எந்த இன்னொரு பொண்ணு என்றேன். "ரெட்டைப் பிள்ளைங்கதானே?" என்று இரண்டு விண்ணப்பங்களை மேசையில் பரப்பினார். ஒரே பிறந்த தேதி, ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே வீடு. நான் சான்றிதழில் இருக்கும் முழுப் பெயரை எழுதியிருந்தேன், இன்னொன்றில் வீட்டில் கூப்பிடும் பெயர் இருந்தது. கையெழுத்தைப் பார்த்தேன். பதினோரு வருஷமாக மளிகைச் சீட்டில் பார்க்கிற கையெழுத்து. அதே நேரம் போன் அடித்தது. இவள்தான், உன் பள்ளி வாசலிலிருந்து, பல் வலி என்று சொல்லிப் பிள்ளையைக் கூட்டப் போனவள்.

"என்னங்க, பிள்ளைக்குக் காய்ச்சலாமே, நீங்க கூட்டிட்டுப் போயிட்டீங்களாமே! எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரி இல்ல. நீ இப்ப எங்க வரணும்னு கிளம்பினியோ, அங்கதான் இருக்கேன்."

"பாவி மனுஷா" என்றாள். பன்னிரண்டு நிமிஷத்தில் வண்டி பிடித்து மூச்சு வாங்க வந்து நின்றாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டு வந்தது. குமாஸ்தா மட்டும் "அப்ப ஒரு பிள்ளைதானா?" என்று முகம் வாடிப்போனார்.

தலைமை ஆசிரியை எங்களை உள்ளே கூப்பிட்டார். பாப்பா நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்துவிட்டாள். பேர் என்னம்மா என்றதற்கும் விரலை எடுக்கவில்லை. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அந்தம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. அவரும் கையைக் கட்டி, தன் வாயில் ஒரு விரலை வைத்துக்கொண்டார். அப்படியே இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரொம்ப நேரம் கழித்துப் பாப்பா விரலை எடுத்து, மெதுவாகக் குனிந்து, "மிஸ், உங்களை யாரு பேசக் கூடாதுன்னு திட்டினாங்க?" என்று கேட்டாள். மூன்று மாதத்தில் முதல் கேள்வி அக்கா! இவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் லிஃப்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே ஓடிப்போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டையே வெறித்துக்கொண்டு அழுதேன்.

அந்தப் பள்ளியில் பை மாட்ட ஆளுக்கு ஒரு கொக்கி. எழுதப் படிக்கப் பழகும் குழந்தைகள் என்பதால் பெயருக்குப் பதில் படம். விண்ணப்பத்தில் 'குழந்தைக்குப் பிடித்தது' என்ற இடத்தில் என்ன எழுதினோமோ அதை வரைந்து முன்கூட்டியே ஒட்டிவிடுகிறார்கள். நான் லிஃப்ட் என்று எழுதினேன், இவள் தவளை என்று எழுதியிருக்கிறாள், ஆகப் பாப்பாவுக்கு இரண்டு கொக்கி. ஒன்றை எடுத்துவிடலாம் என்றால் விடவில்லை. லிஃப்டில் பை, தவளையில் தண்ணீர் பாட்டில். முதல் இரண்டு நாள் வருகைப் பதிவில் இரண்டு பெயரும் இருந்ததாம், பாப்பாவே இரண்டு குரலில் 'உள்ளேன்' சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் மூக்குக்கண்ணாடிப் படம் போட்ட கொக்கி ஒன்று காலியாக இருக்கிறது. அந்தப் பிள்ளை ஊரிலிருந்து இன்னும் வரவில்லையாம். பாவம், தனியா வரும் என்று பாப்பா தினமும் பெஞ்சில் அதற்கு இடம் பிடித்து வைக்கிறாள்.

இப்போது வீட்டில் காது கொடுக்க முடியவில்லை. பழையபடி இல்லை, வட்டியும் முதலுமாகக் கேட்கிறாள். நேற்று என் சூப்பர்வைசர் வந்திருந்தார். "அங்கிள், நீங்க எங்கப்பாவுக்கு மேலன்னு அப்பா சொன்னாரே, ஆனா குட்டையா இருக்கீங்களே?" என்று கேட்டு என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தாள். நீ வாங்கித் தந்த மூன்று செட் சீருடையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறது. டை மட்டும் என் ஸ்பானர் பெட்டியைக் கட்ட உதவுகிறது, அதையும் வேண்டுமானால் அவிழ்த்துத் தந்துவிடுகிறேன். உன் பள்ளியைக் குறை சொல்லவில்லை அக்கா. எத்தனையோ பிள்ளைகளுக்கு அது சரியாகத்தான் இருக்கிறது. பாப்பாவுக்கு அந்தச் சட்டை பொருந்தவில்லை, கழுத்தை இறுக்குகிறது, அவ்வளவுதான். உனக்கு வருத்தமாக இருக்கும். என்னைத் திட்டு, கடிதம் எழுதியே திட்டு, ஆனால் கையெழுத்தைப் போட்டுவிடு. பாப்பா மறுபடி வாயில் விரல் வைத்து உட்கார்ந்தால் என்னால் தாங்க முடியாது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பயிற்சி ஆசிரியர்களை நடுநடுவே உட்காரச் சொல். இவள் அண்ணிக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாப்பா முத்தம் அனுப்புகிறாள், அது தபாலில் எப்படிப் போகும் என்றும் கேட்கிறாள்.

என்றும் உன் பேச்சைத் தட்டாத (இந்த ஒரு தடவை தவிர),
தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. தபாலில் போடப் போகும் வழியில், லிஃப்ட் கதவு உரசுகிறதென்று புதுப் பள்ளிக்குள் நுழைந்தேன். குமாஸ்தா பிடித்துக்கொண்டார். "சார், உங்க கட்டடத்துல நாலாவது மாடியில யாராவது டீச்சரம்மா இருக்காங்களா? ஒரு மாசத்துக்கு முன்னாடி ஒரு விண்ணப்பம் கொடுத்தாங்க, பிள்ளை பேரே போடலை. அஞ்சு வாரம் கழிச்சு நானே கூட்டிட்டு வரேன்னாங்க" என்று எடுத்து நீட்டினார். பள்ளியின் விண்ணப்பத்துக்கே ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் மார்ஜின் போட்டிருந்தது. அதற்கப்புறம் கையெழுத்தைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பிடித்தது: என் மூக்குக்கண்ணாடி. மாற்றக் காரணம்: 'மூன்று மாதமாகக் குழந்தை என் கண்ணாடியை ஒளித்து வைக்கவில்லை. வகுப்பில் கேள்வி கேட்கவில்லை. இரண்டும் எங்கள் பள்ளியின் குறை.' பெற்றோர் சம்மதம்: 'தம்பியும் அவன் மனைவியும் இந்த இடத்தை நினைத்துப் பெருமைப்படுகிறார்கள். மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். தம்பி பயந்த சுபாவம். ஐந்து வாரம் தேவை.' அடியே அக்கா! ஒன்பது போனிலும் நீ பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் "சாப்பிட்டேன்டா" என்று மட்டும் சொன்னது இதற்குத்தானா? கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன், இவ்வளவு எழுதிவிட்டதால் அனுப்புகிறேன். கண்ணாடிக் கொக்கி அத்தையோடது என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரே குஷி. நீ ஃபைலில் கையெழுத்துப் போட்ட கையோடு பை எடுத்துக்கொண்டு வர வேண்டுமாம். "முதல் நாள் அத்தைக்குப் பயமாத்தான் இருக்கும்பா, நான் இடம் பிடிச்சு வெச்சிருக்கேன், பக்கத்துலயே உக்காந்துக்கச் சொல்லு" என்கிறாள்.