அத்தை சிரித்த போட்டோ

ஒன்றும் தெரியாதவன் கடைக்குப் போனால் நாலு பேரைக் கேட்டு உருப்படியாக வாங்கிக்கொண்டு வருவான். எல்லாம் தெரிந்தவன் கேட்காமலே வாங்கி வருவான். இணையத்தில் நாலு வீடியோ பார்த்துவிட்டுப் போகிறவன் இருக்கிறானே, அவன்தான் வினையை விலை கொடுத்து வாங்கி வருவான். நான் அந்த மூன்றாவது ஜாதி.

அலுவலக நண்பர் ஒருவர் புதுக் கேமரா வாங்கிய கையோடு தன் பழைய கேமராவை என் தலையில் கட்டினார். மெமரி கார்டை மட்டும் தரவில்லை. ("அதுல என் ஹனிமூன் இருக்கு பாலா.") ஆகவே ஆயுத பூஜைக்கு முந்தின சனிக்கிழமை, தி.நகரில் ஜவுளிக் கூட்டத்தில் இடிபட்டு, ஒரு காம்ப்ளெக்ஸின் அடித்தளக் கடைக்குள் இறங்கினேன்.

"இன்னா சார் வோணும்?" என்றார் கடைக்காரர். அவருக்குப் பசி நேரம். கண் என் மேலும் மனம் டிபன் பாக்ஸ் மேலும் இருந்தது.

நான் வீடியோவில் கற்ற வித்தையெல்லாம் இறக்கினேன். கார்டின் வேகம், அதன் மேல் வட்டத்துக்குள் போட்டிருக்கும் எண், அந்த எண்ணுக்கும் வீடியோ எடுப்பதற்கும் உள்ள சம்பந்தம். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு அட்டைகளை மேஜையில் போட்டார்.

"இது பெரிய கார்டு. அப்டியே கேமராக்குள்ள போவும். இது சின்னது. போன்ல போடலாம். இந்த அடாப்டர்ல சொருகிக்கினா கேமராலயும் போவும். எது வோணா எட்துக்கோ சார்."

சின்னது என்றால் நிஜமாகவே சின்னது. சுண்டுவிரல் நகம் அளவு, கறுப்பு. அதைச் சொருகும் உறைதான் அடாப்டர். அதுவும் கறுப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசல் பெரிய கார்டு. உள்ளே நகம் இருக்கிறதா இல்லையா என்று குப்புறத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். கேமராவுக்கு என்று வாங்குகிறவன் பெரியதை வாங்கிக்கொண்டு போயிருப்பான். நான் சாமர்த்தியசாலி அல்லவா? போனுக்கும் ஆச்சு, கேமராவுக்கும் ஆச்சு என்று சின்னதை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைப் பறிமுதல் செய்துவிட்டாள். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் மிக்ஸியிலிருந்து அப்பாவின் ஷேவிங் செட் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் உண்டு. கேமராவின் நெற்றியில் ஒரு பொட்டு. அடாப்டருக்கு ஒரு பொட்டு. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிவரை யாரும் தொடக்கூடாது.

"புதுசுடா. சாமிகிட்ட இருந்துட்டு வரட்டும். அப்பதான் நல்ல நல்ல போட்டோவா விழும்" என்றாள்.

அந்த விஜயதசமியன்றுதான் அத்தை வந்தாள்.

அத்தையைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பாவின் ஒரே அக்கா, அசோக் நகரில் மகள் வாணியோடு இருந்தாள். வாணியின் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமனான அப்பாவின் பெயரை, மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருவரின் பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். அச்சாபீஸ்காரன் செய்த வேலை என்றாள் அத்தை. அச்சாபீஸ்காரனுக்கு என் மேல் என்ன பகை என்றார் அப்பா. அன்றைக்குப் பேச்சு நின்றது. வாணிக்குப் பிறந்த பையன் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அது அப்படியே நின்றது.

பிறகு அத்தைக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அடையாறில் பார்த்த டாக்டர் கையை விரித்துவிட்டார். விஷயம் தெரிந்த ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. போன் செய்யவும் இல்லை. (எங்கள் பரம்பரை சொத்து வீம்பு ஒன்றுதான். அதில் மட்டும் பங்கு பிரிப்பதில் தகராறு வந்ததே இல்லை.) கடைசியில் அத்தையே ஆட்டோ பிடித்து, வாணி தோளில் சாய்ந்தபடி எங்கள் வீட்டுப் படி ஏறினாள்.

"புதுசா ஏதாவது ஆரம்பிக்கிற நாளாமே இது. உன்கூடப் பேச ஆரம்பிக்கலாம்னு வந்தேன்" என்றாள் அப்பாவிடம்.

அப்பா "வா அக்கா" என்றார். அவ்வளவுதான். எழுந்துபோய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

சாப்பாடு ஆனதும் அத்தை என்னைக் கூப்பிட்டாள். "ஏதோ கேமரா வாங்கியிருக்கியாமே. என்னையும் என் தம்பியையும் ஒண்ணா ஒரு போட்டோ எடு."

அத்தையின் கணவர், மாமா, போன நாளிலிருந்து அத்தை போட்டோவுக்கு நின்றதே கிடையாது. எந்தக் கல்யாணத்திலும் "நான் எதுக்கு, நீங்க நில்லுங்க" என்று சமையல்கட்டுப் பக்கம் நழுவிவிடுவாள். யாரும் வற்புறுத்தியதும் இல்லை. அப்படி ஒரு வழக்கம், அதற்கு நாங்கள் எல்லோரும் உடந்தை.

"சிரிச்ச மாதிரி எடுடா" என்றாள். "மாலை போடப்போறது இதுக்குத்தான். பாக்கறவங்க பயந்துக்கக் கூடாது."

"அம்மா, சும்மா இரும்மா" என்று வாணி அழ ஆரம்பித்தாள்.

அம்மா பூஜை அலமாரியிலிருந்து அடாப்டரை எடுத்து, கண்ணில் ஒற்றி, என் கையில் கொடுத்தாள். நான் அதன் பொட்டைத் துடைத்துவிட்டு, பெரிய கலைஞன் தோரணையில் கேமராவுக்குள் சொருகினேன். குப்புறத் திருப்பிப் பார்க்கவில்லை.

வாணி தன் போனை எடுத்தாள். நான் விட்டேனா? "யாரும் போன்ல எடுக்காதீங்க. அத்தை கண்ணு அங்கயும் இங்கயும் ஓடும். என்னை மட்டும் பாருங்க அத்தை" என்று அதட்டினேன். வாணி போனை உள்ளே வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் ராத்திரியில் சில சமயம் அந்த அதட்டல் காதில் கேட்கிறது.

திரையின் மூலையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கேமராவுக்கும் பொட்டு வைத்தார்களே, குங்குமம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து வேட்டி நுனியால் துடைத்தேன். போகவில்லை. நல்ல குங்குமம் என்று நினைத்துக்கொண்டேன். கார்டு இல்லை என்று கேமரா சொல்லிக்கொண்டிருந்தது.

கார்டு இல்லாவிட்டாலும் படம் பிடிக்கிற மாதிரி அந்த நண்பர் எதையோ மாற்றி வைத்திருந்தார் போல. க்ளிக் என்றது. எடுத்த படம் திரையில் வந்தது. ஓடிப்போய் அத்தையிடம் காட்டினேன். அப்பாவின் தோளில் கை போட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததில்லை.

"நல்லாத்தான் இருக்கேன் இல்ல?" என்றாள் அத்தை.

அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வருவதற்குள் திரை அணைந்துவிட்டது. "அப்புறம் பெருசா போட்டுக் காட்டறேன்ப்பா" என்றேன். தொடர்ந்து எடுத்துத் தள்ளினேன். அத்தை அலுக்காமல் சிரித்தாள். பல வருஷ பாக்கியை ஒரே மத்தியானத்தில் தீர்த்தாள்.

படங்களைக் கணினியில் ஏற்ற, கார்டை அதில் சொருகுவதற்கென்று இன்னொரு அடாப்டர் வேண்டியிருந்தது. அதைத் தேர்ந்தெடுக்க மறுபடியும் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். பார்த்து முடிப்பதற்குள், தீபாவளிக்கு முன்னாலேயே, அத்தை போய்விட்டாள்.

விடிகாலையில் வாணியின் போன். "அந்த போட்டோவை அனுப்பு பாலா. பிரேம் போடணும். அம்மா அதைத்தான் வைக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க."

கேமராவைத் திறந்து கார்டை உருவினேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைத் திருப்பிப் பார்த்தேன். உறை காலியாக இருந்தது. உதறினேன், உள்ளே ஊதினேன், கேமராவின் ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன். சின்னக் கார்டு எங்கோ நழுவி விழுந்திருக்கிறது, போட்டோவெல்லாம் அதில் பத்திரமாக இருக்கிறது என்று முடிவு செய்தேன். அம்மா அதற்குள் அசோக் நகர் போயிருந்தாள். போனில் கேட்டேன்.

"கார்டுதானே? அன்னிக்கே உன் கையில குடுத்தேனேடா" என்றாள். பின்னால் ஒப்பாரிச் சத்தம். மேலே கேட்க முடியவில்லை.

பிரேமுக்கு வேறு வழியில்லாமல் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கினார்கள். ஆதாருக்காகக் கட்டாயத்தின் பேரில் போய் உட்கார்ந்த அன்றைக்கு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்ன பையனை அத்தை திட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் திட்டு பாதியில் நிற்கிற முகம் அது. துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் மாலையைப் போட்டுவிட்டு, தாங்கள் என்ன தப்பு செய்தோம் என்கிற மாதிரி பின்வாங்கினார்கள்.

காரியம் முடிகிற வரை அம்மா வாணியோடு தங்கிவிட்டாள். வீட்டில் நானும் அப்பாவும் தேடினோம். கட்டிலுக்கு அடியில், சோபாவின் இடுக்கில், துடைப்பத்தின் ஈர்க்குகளுக்கு நடுவில். அப்பா மூட்டு வலியோடு தரையில் படுத்துத் தேடினார். "நகம் அளவுதானே இருக்கும்னு சொன்னே? கிடைச்சுடும். அவ இங்கதான் எங்கயோ இருக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் பீரோவுக்குப் பின்னாலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள். வாணி வீட்டில் படத்துக்குப் பொட்டு வைக்கும் நேரம். தாலி அறுத்தவள் படத்துக்குக் குங்குமம் உண்டா என்று ஒரு கிழவர் இழுத்தார். "அதெல்லாம் அண்ணி இருந்தப்ப பண்ணின கொடுமை போதும். நான் வைப்பேன்" என்று அம்மா தன் வெள்ளிச் சிமிழைத் திறந்தாள். (விசேஷம், துக்கம் எதுவானாலும் அம்மா தன் குங்குமத்தோடுதான் போவாள். அடுத்தவர் குங்குமத்தில் கலப்படம் இருக்குமாம்.) மோதிர விரலை அழுத்தித் தோய்த்து எடுத்தாள். குங்குமத்தோடு கறுப்பாக ஏதோ விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"இதான்! இதான்!" என்று நான் கத்தினேன். வாணி ஓடிவந்தாள். அப்பா அதைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

"இதுலயா இருக்கா?" என்றார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கறுப்பு நகத்துக்குள் அத்தையைத் தேடினார்.

"இதையா தேடினீங்க?" என்றாள் அம்மா. "பூஜை வைக்கறப்ப அந்தப் பெரிய கார்டுலேருந்து கழண்டு விழுந்துது. ஏதோ ஸ்பேர் போல, மூக்குத்தித் திருகாணி மாதிரி தொலைஞ்சு போயிடும்னு அப்பவே எடுத்து சிமிழ்ல போட்டு வச்சேன். நல்லவேளை, பத்திரமா இருக்கு."

அப்பவே. பூஜை வைக்கறப்ப. அத்தை படியேறுவதற்கு முந்தின நாள்.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா" என்றேன். "இதுல ஒண்ணுமே இல்ல. எதுலயுமே இல்ல."

அப்பா சுவரில் முறைத்துக்கொண்டிருந்த அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "போட்டோக்கு நிக்க மாட்டேன்னா நிக்க மாட்டாதான்" என்றார். சிரித்தார். வாணி சிரித்தாள். அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் சிரிப்பு மட்டும் பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. வாணி அவரைப் பிடித்து உட்கார வைத்தாள்.

இப்போது குடும்பத்தில் என் பெயர் அடாப்டர். வாணியின் பையன் "அடாப்டர் மாமா" என்றுதான் கூப்பிடுகிறான். நான் டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்பினால் அம்மா, "திறந்து பாரு, உள்ள சாதம் இருக்கா?" என்கிறாள். நான் சிரித்துவைக்கிறேன். அத்தை சிரித்த போட்டோவைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்தி இல்லை. அது எப்படி இருந்தது என்று அப்பா என்னிடம் இதுவரை கேட்டதில்லை.

பெரிய கார்டு வாங்கிவிட்டேன். ஆனாலும் விசேஷங்களில் நான் கேமராவைத் தூக்கினால் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை நீட்டுவார். டிக்கெட் பரிசோதகரிடம் காட்டுவது போல நான் கார்டை உருவிக் கொடுக்கவேண்டும். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். அதற்குப் பிறகுதான் போட்டோவுக்கு நிமிர்ந்து உட்காருவார்.